பேர் வரிசையில கேப்பிட்டல் ஸ்மால் தகராறு: லோயர் போட்டா போதுமா, கொலேஷனைத் தொடணுமா?

கோத்தகிரி பையன்:
எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிங்ககிட்ட பச்சைத் தேயிலை வாங்குற ஒரு ஃபேக்டரிக்கு நான் சாஃப்ட்வேர் பாத்துக்கறேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். இலை எடை போடுற ஷெட்ல பசங்க போன்ல பேரை அடிப்பாங்க, அவங்க அடிக்கறது பெரும்பாலும் எல்லாமே சின்ன எழுத்து. ஆபீஸ்ல இருக்கிற அக்கா கேப்ஸ் லாக்கை எடுக்கவே மாட்டாங்க, அவங்க போட்ட பேர் எல்லாம் முழு கேப்பிட்டல். மாசக் கடைசியில பேமெண்ட் லிஸ்ட் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டறோம், ஆர்டர் பை நேம் தான் குடுத்திருக்கு, ஆனா கேப்பிட்டல் பேர் எல்லாம் இசட் வரைக்கும் முழுசா முடிஞ்சு அதுக்கப்புறம் தான் சின்ன எழுத்து பேரு மறுபடி ஏ-ல இருந்து ஆரம்பிக்குது. ஒரு வயசான அம்மா முதல் பக்கத்துல தன் பேரைத் தேடிட்டு இல்லன்னதும் காசு வரலன்னு நெனச்சு திரும்பிப் போயிட்டாங்க, பேரு கடைசிப் பக்கத்துல இருந்துச்சு. இன்னொரு விஷயம், இதே குவெரி என் லேப்டாப்ல சரியாத்தான் வருது, சர்வர்ல மட்டும் இப்படி.

ஆர்டர் பை லோயர்(நேம்)-னு, அதாவது எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடற மாதிரி மாத்திட்டா வேலை முடிஞ்சதுன்னு நான் நெனக்கறேன். கூட வேலை பாக்கறவர் கொலேஷனையே, அதாவது டேட்டாபேஸ் எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தற விதியையே மாத்தணும்ங்கறார். எது சரி?

குன்னூர் டிபிஏ:
தம்பி, உங்க கூட வேலை பாக்கறவர் சொல்றது தான் சரி.

முதல்ல ஏன் இப்படி வருதுன்னு பாருங்க. எழுத்துக்கு எண் குடுக்கற ஆஸ்கி அட்டவணையில கேப்பிட்டல் ஏ-க்கு 65, இசட்டுக்கு 90, சின்ன ஏ 97ல தான் ஆரம்பிக்குது, 122ல முடியுது. 1963ல வந்த முதல் ஆஸ்கில சின்ன எழுத்துக்கு இடமே ஒதுக்கல, 1967 பதிப்புல தான் அது வந்துச்சு, அதனால பெருசு எல்லாம் முன்னாடி சின்னது எல்லாம் பின்னாடின்னு ஆயிடுச்சு. டேட்டாபேஸ் வெறும் பைட்டை பைட்டோட ஒப்பிட்டா கேப்பிட்டல் இசட்டுக்கு அப்புறம் தான் சின்ன ஏ வரும், வேற வழியே கிடையாது.

லேப்டாப்ல சரியா வருதுன்னா அங்க லோக்கேல், அதாவது மொழி அமைப்பு, ஆங்கில யூடிஎஃப்-8ஆ இருக்கும், சர்வர்ல வெறும் பைட் வரிசை பாக்கற சி லோக்கேலா இருக்கும். இல்லன்னா டாக்கர்ல ஆல்பைன்ங்கற சின்ன லினக்ஸ் இமேஜ் போட்டிருப்பீங்க, அதுல இருக்கிற மஸல் லைப்ரரிக்கு மொழி பாத்து வரிசைப்படுத்தத் தெரியாது, லோக்கேல் பேர் என்ன போட்டிருந்தாலும் பைட் வரிசையில தான் குடுக்கும். பிஜி_டேட்டாபேஸ்ங்கற டேபிள்ல டேட்கொலேட் என்னன்னு பாருங்க.

லோயர் போட்டு மறைச்சீங்கன்னா இந்த ஒரு ரிப்போர்ட் சரியாகும், நாளைக்கு இன்னொருத்தர் இன்னொரு ரிப்போர்ட் எழுதுவார், அவர் லோயர் போட மறப்பார், அந்த லிஸ்ட்ல மறுபடி அதே அம்மா பேரு கடைசிப் பக்கத்துக்குப் போகும். பேர்ங்கற காலம், அதாவது டேபிள்ல இருக்கிற அந்தப் பத்தி, எப்படி வரிசையாகணும்ங்கறது அந்தக் காலத்தோட குணம், குவெரி எழுதறவர் ஞாபகசக்தியை நம்பி அதை விடக்கூடாது.

ஊட்டி நைட்ஷிப்ட்:
நான் லோயர் பக்கம். பல வருஷமா ஆரக்கிள், மைசீக்வல், சீக்வலைட், போஸ்ட்கிரெஸ் எல்லாத்துலயும் கை வச்சிருக்கேன், ஆர்டர் பை லோயர்(நேம்) இந்த எல்லாத்துலயும் அப்படியே ஓடும். கொலேஷன் ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி. ஆரக்கிள்ல என்எல்எஸ்_சார்ட் பைனரி_சிஐ-னு செஷன்ல வைக்கணும், மைசீக்வல்ல பேர் கடைசியில பெருசு சின்னது பாக்காததுன்னு காட்டற _சிஐ பாத்து எடுக்கணும், சீக்வலைட்ல நோகேஸ், போஸ்ட்கிரெஸ்ல ஐசியூங்கற யூனிகோட் லைப்ரரி. எந்த புதுப்பையன் வந்து குவெரியைப் பாத்தாலும் லோயர்னு இருந்தா என்ன நடக்குதுன்னு அவனுக்கு அங்கயே புரியும், கொலேஷன் எங்கயோ டேபிள் டெஃபனிஷனுக்குள்ள ஒளிஞ்சுகிட்டு இருக்கும், யாரும் பாக்க மாட்டாங்க.

இண்டெக்ஸ், அதாவது சீக்கிரம் தேட முன்கூட்டியே வரிசைப்படுத்தி வச்சது, வேலை செய்யாதேன்னு அடுத்து யாராவது வருவாங்க, அதுக்கும் இப்பவே சொல்லிடறேன். ஒரு ஃபேக்டரிக்கு இலை குடுக்கறவங்க மிஞ்சிப்போனா சில ஆயிரம் பேரு. அதை மெமரில வரிசைப்படுத்த கண் சிமிட்டற நேரம் கூட ஆகாது. அப்படியே வேணும்னாலும் லோயர்(நேம்) மேலேயே இண்டெக்ஸ் போடலாம், போஸ்ட்கிரெஸ்ல ரொம்ப காலமா இருக்கு, சீக்வலைட்ல 3.9ல வந்துச்சு, மைசீக்வல்ல 8.0.13ல இருந்து இருக்கு.

குன்னூர் டிபிஏ:
வேகத்தைப் பத்தி நான் பேசவே இல்ல அண்ணா, சில ஆயிரம் வரிக்கு அது ஒரு பிரச்சனையே இல்லன்னு ஒத்துக்கறேன். நான் சொல்றது வேற.

செலக்ட் டிஸ்டிங்க்ட் நேம் எழுதிட்டு ஆர்டர் பை லோயர்(நேம்) போட்டுப் பாருங்க, போஸ்ட்கிரெஸ் எரர் அடிக்கும், ஆர்டர் பை-ல வர்றது செலக்ட்லயும் இருக்கணும்னு கேக்கும். ரெண்டு டேபிளை யூனியன் பண்ணிட்டு கடைசியில லோயர் போட்டாலும் எரர், யூனியனுக்கு வெறும் காலம் பேரு இல்லன்னா நம்பர் தான் ஏத்துக்கும். அப்புறம் எல்லாத்தையும் சப்குவெரிக்குள்ள திணிக்க வேண்டியது.

இதைவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு. லோயர் போட்டா பெள்ளிங்கற பேர்ல முழு கேப்பிட்டல் பெள்ளியும் சின்ன எழுத்து பெள்ளியும் சமம் ஆயிடும், சமமா இருக்கிற வரிகள் எந்த வரிசையில வரும்னு டேட்டாபேஸ் எந்த உத்தரவாதமும் தராது. பக்கம் பக்கமா லிமிட் ஆஃப்செட் போட்டு எடுக்கிறப்போ ஒரே பேர் ரெண்டு பக்கத்துல வரலாம், ஒருத்தர் பேர் எந்தப் பக்கத்துலயும் வராமலும் போகலாம். படுகர் ஊர்ல ஒரே ஹட்டில எத்தனை பெள்ளி எத்தனை ஜோகி இருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

ஊட்டி நைட்ஷிப்ட்:
லோயர்(நேம்), ஐடி-னு ரெண்டு போட்டா அந்த டை, அதாவது சமமாகற பிரச்சனை தீந்துச்சு. இது லோயரோட குத்தம் இல்ல, எந்த ஆர்டர் பை-க்கும் கடைசியில ஒரு யுனிக் காலம் இருக்கணும், அது பழைய பாடம்.

டிஸ்டிங்க்ட் பத்தி சொன்னீங்களே, உங்க ஆர்டர் பை நேம் கொலேட் இன்னது-னு எழுதிப் பாருங்க, டிஸ்டிங்க்ட்டோட சேர்த்தா அதே எரர் தான் அடிக்கும். அதுவும் ஒரு எக்ஸ்பிரஷன் தானே.

குன்னூர் டிபிஏ:
அதனால தான் குவெரில எழுத வேணாம், காலத்துலயே வைங்கன்னு ஆரம்பத்துலயே சொன்னேன். காலத்தோட கொலேஷனே மாறிடுச்சுன்னா வெறும் ஆர்டர் பை நேம் போதும், டிஸ்டிங்க்ட்டும் யூனியனும் சத்தமில்லாம ஓடும்.

கூடலூர் செல்வி:
நடுவுல வர்றேன், மன்னிச்சுக்கங்க. கொலேஷனை மாத்துங்க மாத்துங்கன்னு சொல்றவங்க ஒண்ணை மறைக்காம சொல்லணும். நான் மைசீக்வல்ல இருக்கேன், இங்க கேஸ், அதாவது எழுத்து பெருசா சின்னதான்னு, பாக்காதது தான் டீஃபால்ட், முன்னாடி லேட்டின்1_ஸ்வீடிஷ்_சிஐ, 8.0ல இருந்து யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ. அதுல வரிசை மட்டும் மாறல, சமம்ங்கறதுக்கான அர்த்தமே மாறிடுது. யுனிக் கீ, ஜாயின், குரூப் பை, டிஸ்டிங்க்ட் எல்லாம் கேஸை விட்டுடும்.

நாங்க ரசீதுக்கு பெருசும் சின்னதும் கலந்த ரேண்டம் கோட் போட்டோம், கியூஆர்ல அச்சாகி விவசாயி கையில போறது. ரெண்டு வேற வேற ரசீது, எழுத்து அதே தான், ஒண்ணுல கேப்பிட்டல் இன்னொண்ணுல ஸ்மால், டேட்டாபேஸ் டூப்ளிகேட்னு சொல்லி ரெண்டாவதைச் சேக்கவே இல்ல. இலை எடை போட்டாச்சு, ஷெட்ல லைன் நிக்குது, ரசீது வரல. கடைசியில அந்தக் காலத்தை மட்டும் பைட் பாத்து ஒப்பிடற _பின் கொலேஷனுக்கு மாத்தி தான் சரி பண்ணினோம். வரிசைப்படுத்தறதும் சமமான்னு பாக்கறதும் ரெண்டு தனித்தனி வேலை, ஒண்ணுக்காக இன்னொண்ணைக் கெடுத்துடாதீங்க. அந்த விதத்துல லோயர் பாதுகாப்பு, அது வரிசையை மட்டும் தான் தொடும்.

குன்னூர் டிபிஏ:
செல்வி அக்கா சொல்றது மைசீக்வலுக்கு நூத்துக்கு நூறு சரி, சீக்வல் சர்வர்லயும் அப்படித்தான். ஆனா தம்பி கேட்டது போஸ்ட்கிரெஸ், அங்க கதை வேற, இது தான் இந்த விவாதத்துக்கே முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

போஸ்ட்கிரெஸ்ல சாதாரண ஐசியூ கொலேஷன் வச்சா, உதாரணத்துக்கு கூடவே வர்ற ஈஎன்-எக்ஸ்-ஐசியூ, ஒப்பீடு அடுக்கு அடுக்கா நடக்கும். முதல் அடுக்குல எழுத்து என்னன்னு மட்டும் பாக்கும். எல்லா எழுத்தும் ஒண்ணா இருந்தா ரெண்டாவது அடுக்குல மேல கீழ போடுற குறி. அதுவும் ஒண்ணா இருந்தா தான் மூணாவது அடுக்குல கேப்பிட்டலா ஸ்மாலான்னு பாக்கும். அப்படியும் முடிவாகலன்னா கடைசியா பைட்டை வச்சு முடிவு பண்ணிடும். அதனால எந்த எழுத்துல அடிச்சிருந்தாலும் பெள்ளி எல்லாம் பக்கத்து பக்கத்துல வரும், ஆனா ஒருத்தர் இன்னொருத்தருக்கு சமம்னு ஆகாது. யுனிக் கீ, ஜாயின், குரூப் பை எதுவும் மாறாது. சமமும் மாறணும்னா அதுக்குத் தனியா நான்-டிட்டர்மினிஸ்டிக்னு சொல்லி கொலேஷன் உண்டாக்கணும், 2019ல வந்த 12ஆம் பதிப்புல இருந்து தான் அதுக்கு வழியே இருக்கு. கேக்காம அது நடக்காது.

ஆக செல்வி அக்கா பயப்படற ஆபத்து இதுல கிடையாது, லோயர்ல வர்ற டையும் கிடையாது.

கொடை சிஸ்டம்ஸ்:
கொடைக்கானல்ல இருந்து எழுதறேன். குன்னூர்க்காரர் சொல்ற அடுக்கு விளக்கம் சரி. ஆனா கொலேஷனை நம்பி இண்டெக்ஸ் வச்சா, அந்த வரிசை எங்க இருந்து வருதுன்னும் சொல்லணும். மொழி பாத்து வரிசைப்படுத்தற விதி எதையும் போஸ்ட்கிரெஸ் தானா வச்சுக்கல, ஆபரேட்டிங் சிஸ்டத்தோட சி லைப்ரரிகிட்டயோ ஐசியூகிட்டயோ கேட்டு வாங்குது. 2018ல லினக்ஸோட சி லைப்ரரியான ஜிலிப்சி 2.28 வந்தப்போ வரிசை விதிகள் பெரிய அளவுல மாறுச்சு. டெபியன் 10, ரெட்ஹேட் 8 ரெண்டுலயும் அது தான். உபுண்டு 18.04ல இருந்து 20.04க்கு டேட்டா ஃபோல்டரை அப்படியே வச்சுகிட்டு தாவினவங்களுக்கும் அதே கதி. டிஸ்க்ல இண்டெக்ஸ் பழைய வரிசையில கிடக்கும், தேடறது புது வரிசையில நடக்கும். இருக்கிற வரி இல்லன்னு சொல்லும், யுனிக் கீயை மீறி ஒரே பேர் ரெண்டு தடவை உள்ள போகும், ஒரு எரர் கூட வராது. ரீஇண்டெக்ஸ் பண்ணினா தான் சரியாகும், ஏற்கனவே உள்ள போன டூப்ளிகேட்டை கையால தான் எடுக்கணும்.

அதனால என் நிலை இது. டேட்டாபேஸோட டீஃபால்ட் சி-லயே இருக்கட்டும், அதை யாரும் தொடாதீங்க. பைட் வரிசை எந்த அப்கிரேடுலயும் மாறாது. 17ஆம் பதிப்புல உள்ளேயே கட்டின லோக்கேல் புரொவைடர் ஒண்ணு குடுத்திருக்காங்க, அது இதே காரணத்துக்குத் தான். மனுஷன் படிக்கிற காலத்துக்கு மட்டும் ஐசியூ வைங்க, அப்கிரேட் பண்ணினா வர்ஷன் மாறிடுச்சுன்னு வர்ற வார்னிங்கை அலட்சியம் பண்ணாம ரீஇண்டெக்ஸ் ஓட்டுங்க.

கோத்தகிரி பையன்:
டேட்கொலேட் பாத்தேன், இங்கிலீஷ் யூடிஎஃப்-8னு தான் காட்டுது, ஆனா இமேஜ் ஆல்பைன். குன்னூர் அண்ணா சொன்னது அப்படியே பொருந்துது.

ஷெட்ல இருக்கிற போன் ஆப்ல உள்ளே சீக்வலைட் தான் ஓடுது, மழைக்காலத்துல டவர் போயிடும், அதனால ஆஃப்லைன்ல எடுத்து சாயங்காலம் சிங்க் பண்றோம். சர்வர்ல ஐசியூ வச்சா போன்ல அதே வரிசை வராதே?

ஊட்டி நைட்ஷிப்ட்:
இதைத் தான் நான் சொல்ல வந்தேன். சீக்வலைட்ல டீஃபால்ட் பைனரி, நோகேஸ் போட்டா அந்த 26 ஆங்கில எழுத்தை மட்டும் தான் கேஸ் பாக்காம எடுக்கும், ஐசியூ அதுல கிடையாது, தனியா சேத்து கம்பைல் பண்ணினா தான் உண்டு. ரெண்டு பக்கமும் லோயர்(நேம்), ஐடி-னு வச்சா ஆங்கிலப் பேருக்கு போன்லயும் ஆபீஸ்லயும் ஒரே வரிசை. சர்வர்ல மட்டும் அந்த ஆர்டர் பை-க்கு கொலேட் சி-னு சேத்து எழுதிடுங்க, இமேஜை மாத்தினாலும் ஆடாது. ஷெட்ல பையன் வரிசை பாத்துகிட்டே போறப்போ ஆபீஸ் அக்கா போன்ல பேசினா ரெண்டு பேரும் ஒரே வரியைப் பாக்கணும். கொலேஷன்ல இதைக் குடுக்க முடியுமா?

குன்னூர் டிபிஏ:
போன்ல சில பேருக்குள்ள தேடற லிஸ்டுக்கு லோயர் இருக்கட்டும், அதுல சண்டை இல்ல. சுவத்துல ஒட்டறது நூத்துக்கணக்கான பேர் தானா வந்து தேடற லிஸ்ட், அதுக்கு தான் இவ்வளவு பேசறேன்.

கூடலூர் செல்வி:
எனக்கு ஒரு சந்தேகம், உள்ள போறப்பவே இனிட்கேப் போட்டு முதல் எழுத்து மட்டும் கேப்பிட்டல்னு சேவ் பண்ணிட்டா இந்த முழு வாதமும் தேவையே இல்லையே?

ஊட்டி நைட்ஷிப்ட்:
வேண்டாம் அக்கா. இனிட்கேப் இனிஷியலைத் தின்னுடும். கேஎம்ஆர்-னு மூணு கேப்பிட்டலைச் சேத்து எழுதி பக்கத்துல பெள்ளின்னு இருந்தா அந்த மூணுல முதல் எழுத்து மட்டும் பெருசா, மத்த ரெண்டும் சின்னதா மாறி அதுவே ஒரு பேரு மாதிரி நிக்கும். பேங்க் பாஸ்புக்ல பேர் எப்படி இருக்கோ அப்படியே தான் நம்ம டேட்டாலயும் இருக்கணும், இல்லன்னா காசு போடறப்போ பேர் பொருந்தலன்னு திரும்பி வரும். விவசாயி குடுத்த பேரை நம்ம வசதிக்கு மாத்தக்கூடாது. சார்ட்டுக்குன்னு தனியா ஒரு ஜெனரேட்டட் காலம் வச்சு அதுல லோயர் பண்ணி, புள்ளி ஸ்பேஸ் எல்லாம் எடுத்துட்டு வைக்கலாம், மூலப் பேரு அப்படியே இருக்கும். அந்தக் காலத்தை செலக்ட்டுல சேத்துட்டா டிஸ்டிங்க்ட் எரரும் வராது.

மஞ்சூர் கணக்கர்:
நான் புரோகிராமர் இல்ல. குந்தா பக்கம் ஒரு ஃபேக்டரில ரொம்ப வருஷம் கணக்கு எழுதினவன், அந்த லிஸ்ட்டை சுவத்துல ஒட்டி ஒட்டி கை பழகினவன். முழுசா படிச்சேன், ஒரு விஷயத்தை யாரும் கேக்கலங்கறதால எழுதறேன். அந்த லிஸ்ட்டைப் படிக்கறது யாரு?

ஆங்கிலத்துல எழுதறப்போ ஜோகிங்கற பேரை ரெண்டு மூணு விதமா எழுதறாங்க, நடுவுல ஹெச் போட்டு கடைசியில ரெண்டு ஈ போடறவங்க ஒரு பக்கம், சும்மா ஜி ஐ-னு முடிக்கறவங்க ஒரு பக்கம். பெள்ளியும் அப்படித்தான். இனிஷியலை ஒருத்தர் முன்னாடி போடுவார், ஒருத்தர் பின்னாடி. நீங்க கேப்பிட்டல் ஸ்மாலை எப்படி சரி பண்ணினாலும் ஆர். பெள்ளி ஆர் பக்கத்துல இருப்பார், பெள்ளி ஆர். பி பக்கத்துல இருப்பார். வந்து தேடற அம்மாவுக்கு ஆங்கில அகர வரிசையே தெரியாது. தமிழ்ல பேரைப் போடுங்க. ஊர் பேரை மேல தலைப்பா வச்சு, எடப்பள்ளி, ஜக்கனாரை, கட்டபெட்டுன்னு பிரிச்சு, அந்தந்த ஊருக்குக் கீழ பேர் வரட்டும். தமிழ்ல கேப்பிட்டலும் கிடையாது ஸ்மாலும் கிடையாது, நீங்க இவ்வளவு நேரம் பேசின தகராறே அங்க இல்ல.

ஆனா எச்சரிக்கையா இருங்க, உங்க ஃபேக்டரில பழைய பேர் லிஸ்ட் தமிழ்ல இருந்தா அது பாமினி எழுத்துருல இருக்கலாம், எங்களோடது அப்படித்தான் இருந்துச்சு. பாமினில சின்ன கே அடிச்சா ம, கேப்பிட்டல் கே அடிச்சா மு. சின்ன ஜே த, கேப்பிட்டல் ஜே து. உள்ளுக்குள்ள அது வெறும் ஆங்கில எழுத்து தான், எழுத்துரு மேல ஒரு தமிழ் முகம் போட்டுக் காட்டுது. அதுல போய் லோயர் போட்டீங்கன்னா முத்துங்கற பேரு மத்தன்னு ஆயிடும். கேஸ் பாக்காத கொலேஷன் வச்சாலும் முத்துவும் மத்துவும் ஒண்ணுன்னு சொல்லும். பாமினில பெருசு சின்னது ரெண்டும் ரெண்டு வேற உயிர்மெய் எழுத்து.

கோத்தகிரி பையன்:
ஐயா, நீங்க சொன்னதும் போய் பாத்தேன், பழைய உறுப்பினர் டேபிள்ல நேம்_தமிழ்னு ஒரு காலம் இருக்கு, உள்ள பூராவும் ஆங்கில எழுத்தும் செமிகோலனுமா இருக்கு. இத்தனை நாளா குப்பைன்னு நெனச்சு யாரும் தொடல. அது பாமினி தான்.

கொடை சிஸ்டம்ஸ்:
செமிகோலன் தான் பாமினில புள்ளி. அதை யூனிகோடுக்கு மாத்திட்டு தான் அடுத்த வேலை. மாத்தறப்போ ஒண்ணு கவனிங்க, ஓகாரக் குறியை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம், ஒரே குறியாவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியா சேத்தும் எழுதலாம். ரெண்டும் திரையில ஒரே போஜன் தான், பைட் வேற வேற. ஈக்வல் போட்டுத் தேடினா ஒண்ணு கிடைக்கும் இன்னொண்ணு கிடைக்காது. போஸ்ட்கிரெஸ் 13ல நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கு, எல்லாத்தையும் ஒரு தடவை என்எஃப்சிங்கற ஒரே வடிவத்துக்கு கொண்டு வந்துடுங்க. இது கேஸை விடப் பெரிய கண்ணி.

குன்னூர் டிபிஏ:
மஞ்சூர் ஐயா பேசினதுக்கு நன்றி, கேள்வியே சரியான இடத்துக்கு வந்துடுச்சு. கேஸ் இல்லங்கறதால தமிழ்ல கொலேஷன் வேணாம்னு யாரும் முடிவு பண்ணிடாதீங்க, இங்க தான் அது இன்னும் அவசியம். யூனிகோட்ல ன-வை ந-வுக்கு அடுத்தே வச்சுட்டாங்க, அதாவது ப-வுக்கு முன்னாடி. நம்ம வரிசையில ன தான் மெய்யெழுத்துல கடைசி. ற-வை ர-வுக்கு அடுத்து, ள ழ ரெண்டையும் வ-வுக்கு முன்னாடி போட்டிருக்கு. புள்ளியோட எண் எல்லா உயிர்க்குறிக்கும் பின்னாடி. அகராதியில அக்கா முன்னாடி அகம் பின்னாடி, பைட் வரிசையில அது தலைகீழ். லோயர் இதுல ஒண்ணும் பண்ணாது, பண்றதுக்கு அதுக்கு எழுத்தே இல்ல. டிஏ-எக்ஸ்-ஐசியூ கொலேஷன் வச்சா தமிழ் வரிசை சரியா வரும். ஆல்பைன் இமேஜா இருந்தாலும் 15ல இருந்து ஐசியூ உள்ள இருக்கு, இமேஜை மாத்த வேண்டியதில்ல.

ஊட்டி நைட்ஷிப்ட்:
தமிழ் லிஸ்டுக்கு ஐசியூ தான் வழி, அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல. ஆங்கிலப் பேரு காலத்தைத் தொடாதீங்க, அது பேங்க்குக்கும் சிங்க்குக்கும், அதுக்கு லோயரும் ஐடியும் போதும்னு இன்னும் சொல்றேன். ஒரு கேள்வி, டிஏ கொலேஷன்ல ஜ எங்க வரும்? கிரந்த எழுத்து எல்லாம் ன-வுக்கும் அப்புறம் கடைசியில போயிடும். நீலகிரில எத்தனை ஜோகி இருக்காங்க, அவங்க எல்லாம் மறுபடி கடைசிப் பக்கம் தானா?

மஞ்சூர் கணக்கர்:
நாங்க பேரேட்டுல ஜ-வை ச முடிஞ்சதும் எழுதுவோம். இங்க வர்றவங்களும் அங்க தான் தேடுவாங்க. ஜோகி கடைசிப் பக்கம் போகக் கூடாது, அதுக்காகத் தானே தம்பி இதை ஆரம்பிச்சதே.

குன்னூர் டிபிஏ:
அதுக்கும் வழி இருக்கு. போஸ்ட்கிரெஸ் 16ல இருந்து கொலேஷன் உண்டாக்கறப்போ ரூல்ஸ்னு ஒரு வரி சேக்கலாம், தமிழ் லோக்கேலை எடுத்துகிட்டு ஜ-வை ச-வுக்கு அடுத்த இடத்துல வைன்னு சொல்லிட்டா போதும், ச சா சி எல்லாம் முடிஞ்சதும் ஜ வரிசை வந்துடும். அந்தக் கொலேஷனை நேம்_தமிழ் காலத்துக்கு மட்டும் வைங்க, டேட்டாபேஸ் டீஃபால்ட்டை கொடைக்காரர் சொன்ன மாதிரி விட்டுடுங்க. அப்புறம் ஆர்டர் பை ஊர், நேம்_தமிழ், ஐடி.

கோத்தகிரி பையன்:
எங்க வர்ஷன் 16 தான். முதல்ல பாமினியை மாத்தி, நார்மலைஸ் பண்ணி, ஆபீஸ் அக்காவை உக்கார வச்சு ஒவ்வொரு பேரா சரி பாக்க வைக்கறேன். ஆங்கிலப் பேரு காலத்துல கை வைக்கல, போன் ஆப்ல லோயரும் ஐடியும். சரியா வந்துச்சான்னு சோதிக்க எந்தப் பேரெல்லாம் போட்டுப் பாக்கணும்?

மஞ்சூர் கணக்கர்:
இதைப் போடுங்க, இந்த வரிசையில தான் வரணும்: சந்திரன், சிவன், ஜோகி, நஞ்சன், பெள்ளி, போஜன், மல்லன், மலர், மனோகரன்.

குன்னூர் டிபிஏ:
ஐயா குடுத்தது நல்ல சோதனை. கடைசி மூணு பேரும் மனோகரன், மலர், மல்லன்னு தலைகீழா வந்தா இன்னும் பைட் வரிசை தான் ஓடுது, காலத்துக்கு கொலேஷன் ஏறலன்னு அர்த்தம். அந்த மூணும் சரியா இருந்து ஜோகி மட்டும் மனோகரனுக்குப் பின்னாடி போனா கொலேஷன் ஏறிடுச்சு, ரூல் ஏறல.